திருகோணமலை வெக்கையில் உருளைக்கிழங்கு: பையிலும் வாளியிலும் நட்டு எடுக்கிற முழு வழி

முதல் வருடம் நான்கு வாளியில் நட்டு எனக்குக் கிடைத்தது பதினொரு கிழங்கு. அதில் பெரியது ஒரு தேசிக்காய் அளவு, மற்றதெல்லாம் போளை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, “தம்பி, இதைச் சமைக்கப் போறியோ, பிள்ளையளுக்கு விளையாடக் குடுக்கப் போறியோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் செடி என்றால் செடி. இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை, வந்து போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே எல்லாம் இருந்தது, கீழேதான் ஒன்றும் இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தால், செய்யக்கூடாத மூன்றையும் ஒரே தடவையில் செய்திருக்கிறேன். மாசிக் கடைசியில் நட்டேன், கறுப்பு வாளியில் நட்டேன், செடி செழிக்கட்டும் என்று இரண்டு கிழமைக்கு ஒருதரம் யூரியாக் கரைசல் ஊற்றினேன். இந்த மூன்றையும் மாற்றிய பிறகு இப்போது ஒரு பையில் ஒரு நேரக் கறிக்குக் குறையாமல் எடுக்கிறேன். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு வாளியைக் கவிழ்த்தால் பத்துக் கிலோ கொட்டுகிற வீடியோக்கள் எல்லாம் குளிர் நாட்டில் எடுத்தவை. நம் ஊரில் ஒரு செடிக்கு 300, 400 கிராம் வந்தாலே நல்ல விளைச்சல்.

ஏன் இங்கே கஷ்டம்

மரவள்ளியும் வற்றாளையும் வேர் பருத்து வருகிறவை. உருளைக்கிழங்கு அப்படி இல்லை, அது தண்டு. விதைக்கிழங்கில் இருந்து மேலே வரும் தண்டில், மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் இருந்து வெள்ளை நூல் மாதிரிப் பக்கத் தண்டுகள் கிளம்பி ஓடும், அதன் நுனி பருத்தால் கிழங்கு, பருக்காமல் நீண்டு வெளியே வந்தால் இன்னொரு கிளை. அந்த நுனி எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பதில் இரவுக் குளிருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தீஸ் மலையில் பிறந்த பயிர், இரவில் 15 முதல் 20 பாகை வரை குளிர்ந்தால்தான் அதற்குச் சந்தோசம். இரவு சூடாக இருந்தால், பகலில் இலை சமைத்த மாவுச்சத்தை எல்லாம் செடி இலைக்கும் தண்டுக்குமே செலவழித்துவிடும், மண்ணும் ஏறக்குறைய 30 பாகையைத் தாண்டிவிட்டால் கிழங்கு பிடிக்கிற வேலை நின்றே போகும்.

திருகோணமலையில் வைகாசியில் இருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடித்துப் பகலில் 33, 35 பாகை என்று காய்கிறது, அந்த நாட்களில் இந்தப் பயிரை நினைக்கவே வேண்டாம். வருடத்தில் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு சந்தர்ப்பம், மார்கழியும் தையும். அப்போதும் இரவில் சுமார் 24 பாகைதான், நுவரெலியாக் குளிர் வந்துவிடாது. ஆனால் அந்த மாதங்களில் இன்னொன்று நமக்குச் சாதகமாக இருக்கிறது: பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவு, பகல் குறுகினால் கிழங்கு பிடிக்கிற குணம் இந்தச் செடிக்கு உண்டு. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர்களும் இதே காலத்தைப் பிடித்துத்தான் கார்த்திகை, மார்கழியில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுகிறார்கள். அங்கே இரவு எங்களை விடக் கொஞ்சம் குளிர்.

ஆகவே சூத்திரம் இதுதான்: இரவை நம்மால் குளிராக்க முடியாது, மண்ணைக் குளிராக வைத்திருக்க முடியும். கீழே நான் சொல்லும் வேலைகளில் பாதி அதற்காகத்தான்.

ஆவணியில் தொடங்க வேண்டிய வேலை

நடுவது மார்கழியில் என்றாலும் மண் வேலை ஆவணியிலேயே தொடங்குகிறது. கச்சான் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பதை விட அதை வேலைக்கு வைக்கலாம். பாவிக்கப்போகும் மண்ணை முற்றத்தில் வெயில் நன்றாக விழும் இடத்தில் அரை அடி உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிந்த பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண் போட்டு அமத்தி, நான்கு தொடக்கம் ஆறு கிழமை அப்படியே விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், அது தான் சூடாகுமே தவிர மண்ணை அவ்வளவுக்குச் சூடாக்காது. இந்தச் சூட்டில் களை விதையும் வட்டப்புழுவும் பூஞ்சண வித்துகளில் பெரும்பகுதியும் செத்துப்போகும். உருளைக்கிழங்குக்கு வரும் வருத்தங்களில் மோசமானவை மண்ணில் இருந்துதான் வருகின்றன என்றபடியால் இந்த ஆறு கிழமை வீண் போகாது.

மண் கலவை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். என்னுடையது: மேல் மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூளும் கருக்கிய உமியும் சேர்த்து ஒரு பங்கு. எல்லாம் இங்கேயே கிடைக்கிறவை. மாட்டெருவும் உமியும் வேண்டுமென்றால் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் யாரையாவது பிடித்தால் சரி. எரு பழையதாக இருக்க வேண்டும், கையில் எடுத்தால் மணக்கக்கூடாது, உதிர வேண்டும். பச்சை எரு போட்டால் விதைக்கிழங்கு வெந்து அழுகும்.

தும்புத்தூளைக் கட்டாயம் கழுவ வேண்டும். உவர்த் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையின் தூளில் உப்பு இருக்கும், உப்பு இந்தப் பயிருக்கு ஒத்து வராது. ஒரு வாளியில் ஊறவைத்துப் பிழிந்து ஊற்றுங்கள், மூன்று தரம். முதல் தண்ணீர் கடும் பிளேன்ரீ நிறத்தில் வரும், மூன்றாவது தண்ணீர் வெளிறி இருக்கும், அதோடு நிறுத்தலாம். அதே காரணத்துக்காகக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து சேர்க்காதீர்கள். உப்பு ஒரு பக்கம், அதில் கிடக்கும் சிப்பித் துண்டுகள் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும், அப்போது கிழங்குத் தோலில் சொறி மாதிரிப் பொருக்கு வரும். உருளைக்கிழங்குக்குக் கொஞ்சம் புளிப்பு மண்தான் விருப்பம், பி.எச். 5 இல் இருந்து 6 வரை. ஆகவே சுண்ணாம்பும் வேண்டாம், அடுப்புச் சாம்பலும் கை நிறைய வேண்டாம், ஒரு பைக்கு ஒரு சின்னப் பிடி போதும்.

விதைக்கிழங்கு

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். கடையில் வாங்கிய கிழங்கு முளைக்காதா என்றால் முளைக்கும், ஆனால் எந்தக் கிழங்கு என்பதில் விசயம் இருக்கிறது. இறக்குமதிக் கிழங்கில் முளைக்காமல் இருக்க மருந்து அடித்திருக்கக்கூடும், மாதக் கணக்கில் மேசையில் வைத்தும் அது அசையாமல் சுருங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். மண் ஒட்டிய உள்ளூர்க் கிழங்கு அநேகமாக முளைக்கும். (இறக்குமதிக் கிழங்குக்குச் செம்மண் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், கண்ணுக் குழிக்குள்ளும் மண் இறுகி இருந்தால் அது தோட்டத்தில் இருந்து வந்த மண்.) ஆனால் சாப்பாட்டுக் கிழங்கில் வைரசும் வாடல் கிருமியும் இருக்கிறதா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல வழி, விதைக்கென்று வரும் கிழங்கை வாங்குவது. அது மூட்டைக் கணக்கில்தான் வரும், ஆனால் கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் நடுகைக் காலம் என்பதால் அங்கே தோட்டம் செய்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு கிலோ கேட்டு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். இல்லையென்றால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கிரனோலா கிடைத்தால் நல்லது, நம் நாட்டில் அதிகம் போடுகிற இனம், மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஒரு கிலோ என்பது குறைவாகத் தெரியும், ஆனால் 40 கிராம் கிழங்காக இருந்தால் 25 வரும், பைக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு பைக்கு மேல் காணும்.

கோழி முட்டையை விடச் சற்றுச் சிறிய, முழுக் கிழங்காகத் தெரிவு செய்யுங்கள். குளிர் நாட்டில் பெரிய கிழங்கைக் கண் கண்ணாக வெட்டி நடுவார்கள், இந்த வெக்கையில் வெட்டுக் காயம் ஆறுவதற்கு முன்னம் அழுகிவிடும். என் வெட்டிய துண்டுகள் ஆறில் நான்கு, ஐந்தாம் நாள் கிண்டிப் பார்த்தபோது கூழாகி, மூக்கை வைக்க முடியாத நாற்றத்தோடு இருந்தன.

கிண்டியெடுத்த புதிதில் எந்தக் கிழங்கும் முளைக்காது. இரண்டு மூன்று மாதம் உறங்கித்தான் எழும்பும், அதை அவசரப்படுத்தவும் வேண்டாம். உறக்கம் கலைந்த கிழங்கை முட்டைத் தட்டில், கண்கள் அதிகம் உள்ள பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, வெயில் நேரே படாத ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது குசினி யன்னலடி. இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டால் ஒடிகிற மாதிரி வரும். வெளிச்சத்தில் வைத்தால் கட்டையாக, ஊதா கலந்த பச்சையில், சின்னச் சின்ன மயிரோடு கெட்டியாக வரும். அரை அங்குலம் வந்தால் நடலாம். இதற்கு இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும், ஆகவே கார்த்திகை தொடங்கியதும் தட்டில் அடுக்குங்கள். நூல் மாதிரி மெல்லிய முளை வரும் கிழங்கை எறிந்துவிடுங்கள், அதில் அநேகமாக வைரஸ் இருக்கும்.

எதில் நடுவது

என் ஓட்டு வெள்ளை அரிசிப் பைக்கு. 25 கிலோ பையில் இரண்டு செடி தாராளமாக நிற்கும், வெள்ளை என்பதால் வெயிலைத் திருப்பி அடிக்கும், வாய்ப்பக்கத்தைக் கீழே சுருட்டி வைத்துக்கொண்டு மண் போடப் போட மேலே அவிழ்த்துக்கொண்டு போகலாம். ஒரு குறை, வெயிலில் ஒரு போகத்தோடு நைந்து நூல் நூலாகக் கழன்றுவிடும், அடுத்த வருடத்துக்கு அதை நம்பாதீர்கள். பழைய பெயின்ற் வாளி என்றால் பத்து லீட்டரில் ஒரு செடி, இருபதில் இரண்டு. ஆழம் ஒரு அடிக்குக் குறையக்கூடாது. கறுப்பு வாளிதான் இருக்கிறது என்றால் வெளியே சுண்ணாம்பு அடியுங்கள். அந்த முதல் வருடம் பின்னேரம் மூன்று மணிக்கு வாளியின் ஓரமாக மண்ணுக்குள் விரலை விட்டேன், சுட்டது. கிழங்கு பிடிப்பது அந்த ஓரத்திலுந்தான்.

எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது என்னவென்றால், யாரும் எதிர்பார்க்காத ஒன்று, வாய் உடைந்த பழைய மண் பானை. தண்ணீர்ப் பானை எப்படிக் கசிந்து கசிந்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிராக வைக்கிறதோ அதே மாதிரி உள்ளே இருக்கும் மண்ணையும் வைத்திருக்கும். அடியில் மூன்று ஓட்டை துளைக்க வேண்டும், ஆணியை வைத்து மெல்ல மெல்லத் தட்டினால் வெடிக்காது. பானை இல்லாதவர்கள் பையைச் சுற்றிச் சணல் சாக்கைக் கட்டி அதைப் பகலில் இரண்டு தரம் நனைத்துவிடலாம், அதுவும் இதே வேலைதான்.

ஓட்டை அடியில் மட்டும் போட்டால் போதாது. கார்த்திகை, மார்கழி மழையைத் தெரியுந்தானே, அடி ஓட்டை மண்ணில் அடைபட்டுப்போனால் பை ஒரு நாளில் சேறாகும். அடியில் இருந்து ஒரு அங்குலத்துக்கு மேலே பக்கவாட்டில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பையை நேரே நிலத்தில் வைக்காமல் இரண்டு செங்கல்லில் தூக்கி வையுங்கள், கறையானும் ஏறாது, தண்ணீரும் வடியும்.

எங்கே வைப்பது என்பதை மார்கழியில் வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும், ஆவணியில் நிழல் விழாத இடத்தில் அப்போது மதில் நிழல் விழும். காலையில் இருந்து பதினொன்று, பன்னிரண்டு மணிவரை வெயில், அதற்குப் பிறகு நிழல், இதுதான் வேண்டும். எங்கள் வீட்டில் அது கிழக்குச் சுவரடி. மத்தியான வெயிலை மறைக்க வழி இல்லாவிட்டால் மேற்குப் பக்கமாக ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டுங்கள், போதும். அதே நேரம் தாழ்வாரத் தண்ணீர் நேரே பைக்குள் கொட்டுகிற இடத்திலும் வைக்க வேண்டாம்.

நடுகை

நான் திருக்கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு நடுவேன், அதிகம் போனால் மார்கழி நடுப்பகுதி. அதற்கு முன்னம் நட்டால் அடை மழையில் அழுகும், தைப்பொங்கலுக்குப் பிறகு நட்டால் கிழங்கு பருக்கிற நேரம் பங்குனி வெக்கை வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில கிழமைதான், தவறவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

பையில் ஐந்து அங்குலம் கலவை போட்டு, முளை மேலே பார்க்கும்படி இரண்டு கிழங்கை ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி வைத்து, மேலே மூன்று அங்குலம் மூடுங்கள். முளையை ஒடித்துவிடாமல் கையாலேயே மண்ணைத் தூவுங்கள். ஒரு கிழங்கில் நாலைந்து முளை இருந்தால் கெட்டியான இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம், தண்டு கூடினால் கிழங்கு எண்ணிக்கை கூடும், பருமன் குறையும். ஒரு தரம் தண்ணீர் விட்டால் போதும், அதற்குப் பிறகு முளை வெளியே வரும்வரை மண் காய்ந்தால் மட்டும். இரண்டு கிழமைக்குள் வந்துவிடும். வராவிட்டால் கிண்டிப் பார்க்க ஆசை வரும், மூன்று கிழமை பொறுங்கள்.

இந்த நாட்களில் மூன்று நாள் விடாமல் மழை பிடித்தால் பைகளை இழுத்து விறாந்தையில் வைத்துவிடுங்கள். தரையில் நட்டவர்களுக்கு இல்லாத வசதி இது.

மண் அணைத்தல்

செடி ஆறேழு அங்குலம் வந்ததும் பையின் சுருட்டை அவிழ்த்து, இலையின் மேல் மூன்றிலொரு பகுதி மட்டும் வெளியே தெரிய மண் அணையுங்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி, பிறகு பை நிறையும்வரை இன்னொரு தரம். இதற்குக் காரணம் இரண்டு. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், பச்சையானதில் சொலனின் என்ற நஞ்சு கூடும். மற்றது, மேலே மண் தடித்தால் கீழே குளிர்.

மண்ணை மட்டும் போடாமல் கடைசி அடுக்காக வைக்கோலை நான்கு அங்குலத்துக்குப் பரப்புங்கள். எனக்கு விளைச்சலைக் கூட்டிய ஒரே ஒரு வேலையைச் சொல் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வங்காள விரிகுடாவின் வடக்குக் கரையில், சுந்தரவனத்துப் பக்கம், நெல் வெட்டிய வயலில் உழாமலே விதைக்கிழங்கை ஈரத் தரையில் வைத்து வைக்கோலால் மூடிக் கிழங்கு எடுக்கிறார்கள். உவர் நிலம், கடற்கரை, எங்கள் மாதிரித்தான், ஆனால் அங்கே மார்கழி இரவு நன்றாகக் குளிரும்.

மண்ணை அடுக்கடுக்காக ஏற்றி மூன்றடிக் கோபுரம் கட்டினால் தண்டு முழுக்கக் கிழங்கு பிடிக்கும் என்று ஒரு கதை உலாவுகிறது. நம்ப வேண்டாம். விதைக்கிழங்குக்கு மேலே அரை அடி, முக்கால் அடிக்குள்தான் கிழங்கு பிடிக்கும், அதற்கு மேல் போடுகிற மண் எல்லாம் சும்மா சுமை.

தண்ணீர்

பிழை விடச் சுலபமான இடம் இது. இரண்டாவது விரல் மடிப்பு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம், காய்ந்திருந்தால் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். மார்கழியில் கிழமைக்கு ஒருதரமும் தேவைப்படாது, மாசியில் ஒவ்வொரு நாளும் கேட்கும். நன்றாகக் காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், இல்லையென்றால் கிழங்கில் இருந்து இஞ்சி மாதிரி விரல் விரலாக முளைத்து உருக் கெடும்.

காலையில் ஊற்றுங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் மொட்டைமாடித் தாங்கியில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி இருக்கும், அதைத் திறந்து நேரே பைக்குள் விட்டால் நாம் இவ்வளவு நாள் குளிராக வைத்திருந்தது எல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும். கடற்கரையை ஒட்டி இருக்கிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். மழை காலத்தில் நன்றாக இருக்கிற தண்ணீர் மாசி, பங்குனியில் உவர்க்கத் தொடங்கும், சரியாகக் கிழங்கு பருக்கிற நேரம். அப்படியென்றால் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து நிழலில் ஆறவைத்துப் பாவியுங்கள்.

பசளை

குறைவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறைவாகத்தான் போட வேண்டும். கலவையில் இருக்கும் எருவே முக்கால்வாசிக்குப் போதும். நான்காவது கிழமையில் இலை வெளிறி மஞ்சளாக இருந்தால் மட்டும் ஒரு தேக்கரண்டி யூரியாவை ஐந்து லீட்டர் தண்ணீரில் கரைத்துப் பைக்கு அரை லீட்டர் ஊற்றுங்கள். இலை பச்சையாக இருந்தால் அதுவும் வேண்டாம். தழைச்சத்து கூடினால் செடி கொழுக்கும், கிழங்கு பிந்தும், பிந்தினால் வெக்கையில் மாட்டும். ஆறாவது கிழமைக்குப் பிறகு யூரியாப் பையைத் தொடவே வேண்டாம்.

வருத்தமும் பூச்சியும்

மழை நாளில் நன்றாக இருந்த செடி அடுத்த நாள் மத்தியானம் வாடி, பின்னேரம் எழும்பி, மூன்றாம் நாள் எழும்பாமலே பச்சையாகவே சரிந்துவிட்டால், அது பற்றீரியா வாடல். உறுதி செய்ய ஒரு சின்னப் பரிசோதனை: அடித்தண்டைக் குறுக்காக வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வெட்டு வாயில் இருந்து பால் மாதிரி வெள்ளை நூல் கீழே இறங்கினால் அதுதான். மருந்து இல்லை. பையோடு தூக்கிக்கொண்டு போய் அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம், கத்தியைக் கொதிதண்ணீரில் போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே கிருமி வரும். பையில் நடுவதால் நட்டம் ஒரு பையோடு போகும்.

கீழ் இலைகளில் வளையம் வளையமாகக் கபிலப் புள்ளி வந்தால் அது முன் வெளிறல், அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட்டு, இலையில் தண்ணீர் படாமல் அடியில் ஊற்றினால் பெரும்பாலும் மட்டுப்படும். இலைக்குக் கீழே மஞ்சள் முட்டைக் கூட்டமும், இலையைச் சுரண்டி வலை மாதிரி ஆக்குகிற புள்ளி வண்டும் கத்தரியில் இருந்து வரும், கையால் நசுக்குவதே கெட்டி வேலை. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெய் ஐந்து மில்லிலீட்டரை ஒரு லீட்டர் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரத்தோடு கலக்கி, பின்னேரத்தில், இலையின் கீழ்ப்பக்கம் படும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

இவற்றை விடப் பெரிய பூச்சிக்கு நான்கு கால். நகரத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கோட்டைப் பக்கத்து மான்கள் தெருத் தெருவாக உலாவுகின்றன, படலை திறந்து கிடந்தால் உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் போகும். ஆடும் அப்படித்தான். பெருச்சாளி மட்டும் இலையைத் தொடாது, நேரே அடியைக் கிழித்து உள்ளே போகும், அது உலாவுகிற வளவென்றால் வாளிதான் சரி, பை வேண்டாம்.

தரையில் நடுகிறவர்களுக்கு

சின்ன வளவு இருந்தால் முக்கால் அடி, ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு நடலாம். உயரம் ஏன் என்று மார்கழி மழை வந்து காட்டும். உப்புவெளி, நிலாவெளி மணல் தரைக்காரர்கள் பாத்தியில் எருவும் தும்புத்தூளும் தாராளமாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் ஊற்றியது மத்தியானம் இருக்காது. கடந்த மூன்று வருடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி நின்ற இடத்தைத் தவிருங்கள். மற்ற எல்லாம் மேலே சொன்னதுதான்.

கிண்டுதல்

எண்பது, தொண்ணூறு நாளில் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். எனக்கு அது சிவராத்திரியை ஒட்டி வரும். பூ வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், இந்த வெக்கையில் பூக்காமலே முடிகிற செடிகள் அதிகம். பூத்துக் காய்த்தால் பச்சைத் தக்காளி மாதிரி சின்னக் காய் வரும், அது நஞ்சு, பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையும் வறைக்கு ஆகாது.

பாதிக்கு மேல் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தண்டை அடியோடு வெட்டிவிட்டு, ஒரு கிழமை பத்து நாள் பையை நிழலுக்கு மாற்றி வையுங்கள். தோல் முற்றுவதற்குத்தான் இந்தக் காத்திருப்பு. ஒன்றைத் தோண்டி எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், தோல் உரிந்தால் இன்னும் ஓரிரு நாள், உரியாவிட்டால் சாக்கை விரித்துக் கொட்டலாம். அதற்கு மேல் மண்ணில் விட்டுவைக்கவும் கூடாது, பங்குனிச் சூட்டில் உள்ளே கபில நிறம் பாயும்.

கழுவாதீர்கள். மண்ணைத் தட்டிவிட்டு நிழலில் ஒரு பகல் உலரவிட்டு, கூடையில் போட்டுக் குசினியின் இருட்டு மூலையில் வையுங்கள். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வேண்டாம். மண்வெட்டியோ விரல் நகமோ பட்ட கிழங்கை அன்றைக்கே சமையுங்கள், பச்சை பிடித்ததை எறியுங்கள். இந்த வெக்கையில் மூன்று, நான்கு கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது. அடுத்த மார்கழிக்கு விதைக்கென்று எடுத்து வைக்கவும் முயற்சி செய்தேன், வைகாசியிலேயே முளைத்து, ஆனியில் சுருங்கி, ஆடியில் அந்துப்பூச்சிப் புழு துளைத்து முடித்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் புது விதைதான்.

போன போகத்தில் ஆறு பைக்கும் இரண்டு பானைக்கும் சேர்த்து நாலரைக் கிலோ, ஒரு பை வாடலில் போனது போக. மாமிக்கு ஒரு சின்னப் பையில் போட்டு மதிலுக்கு மேலால் நீட்டினேன். பின்னேரம் அதே மதிலுக்கு மேலால் ஒரு கிண்ணம் வந்தது, தேங்காய்ப்பால் விட்டு, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட வெள்ளைக் கறி. கிழங்கைத் தோலோடுதான் போட்டிருந்தார். “இவ்வளவு மெல்லிய தோலை ஏன் உரிப்பான்?” என்று கேட்டார். வெறுமையான பைகளில் இப்போது பயிற்றை போட்டிருக்கிறேன், கொடி பந்தலுக்கு ஏறிவிட்டது.